ஐப்பசி பிறக்குமுன் வீட்டையும் பரிசோதிப்போம்

மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பும் நாளில் அவர் கையில் ஒரு சுருக்க அறிக்கையைத் தருகிறோம். எந்த மருந்தை எந்த வேளையில் உட்கொள்ள வேண்டும், எதை உண்ணலாம், எதைத் தவிர்க்க வேண்டும், மறுபரிசோதனைக்கு எப்போது வரவேண்டும் என்பன எல்லாம் அதில் உண்டு. அவர் திரும்பிச் செல்லும் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் இடமில்லை.

ஆண்டின் பிற மாதங்களில் இக்குறை பெரிதாகத் தெரிவதில்லை. ஐப்பசி பிறந்ததும் தெரிந்துவிடுகிறது. கட்டுக்குள் இருந்த ஆஸ்துமா, ஊறிப்போன சுவரருகே சில இரவுகள் படுத்ததும் மீண்டும் மூச்சை இறுக்குகிறது. ஆறிவந்த நீரிழிவுப் புண், தெருவில் தேங்கிய நீரில் ஒருமுறை நனைந்ததும் சீழ் கோக்கிறது. மூட்டு அறுவைக்குப் பின் நன்றாக நடந்துகொண்டிருந்த முதியவர், பாசி படர்ந்த படியில் வழுக்கி விழுகிறார். இவர்களுக்கு நாங்கள் எழுதித்தந்த மருந்தில் பிழை இல்லை. மழைக்கு ஆயத்தமாகாத வீடு அம்மருந்தின் பயனைக் குறைத்துவிட்டது. ஆகவே இவ்விதழில் உடம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

நமது கூதிர்காலம்

குளிர்நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் கூரை ஓரத்து வடிகால்களில் விழுந்த இலைகளை அள்ளி, கதவு சன்னல் இடுக்குகளை அடைத்து, வீட்டைப் பனிக்கு ஆயத்தம் செய்வார்கள். நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்று வகுத்தனர். நமக்கு அது அடைமழையின் காலம். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20ஆம் நாளை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. சென்னைப் பகுதியில் ஓர் ஆண்டில் பெய்யும் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது.

திருமுடிவாக்கம் வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து உபரிநீர் திறக்கப்படும்போதெல்லாம் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்ற ஊர்ப்பெயர்கள் வெள்ள எச்சரிக்கையில் வரிசையாக ஒலிக்கின்றன. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் காலை முதல் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பெய்தது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேறியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றின் கரைகளும் நீரில் மூழ்கின. 2016 டிசம்பரில் வர்தா புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் நம்மை மீண்டும் சோதித்தன.

வெள்ளத்தைத் தனியொரு குடும்பத்தால் தடுக்க இயலாது. ஆனால் வெள்ளம் வராத ஆண்டிலும் வீட்டுக்குள் புகும் ஈரம், கொசு, மின்கசிவு, மாசுபட்ட குடிநீர் ஆகியவற்றைத் தடுப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. அதற்குரிய காலம் புரட்டாசி. நம்மூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் ஆயுதபூசையன்று எந்திரங்களை நிறுத்தி, துடைத்து, எண்ணெயிட்டுப் பொட்டு வைப்பதைக் காண்கிறோம். வீட்டுக்கு வெள்ளையடிப்பதை மட்டும் நாம் போகிக்கு, அதாவது மழையெல்லாம் ஓய்ந்த பிறகு, என்று வைத்திருக்கிறோம். வண்ணம் பூசுவது தைக்கு இருக்கட்டும். பழுது பார்ப்பதை ஆயுதபூசைக்குள் முடித்துவிட வேண்டும்.

மொட்டை மாடியில் தொடங்குங்கள்

ஒரு சிறு கணக்குச் சொல்கிறோம். 1,000 சதுர அடி மொட்டை மாடியின் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் நீர் சேரும். 2015இல் பெய்தது போன்ற 49 சென்டிமீட்டர் மழையில் அதே மாடியில் 45,000 லிட்டருக்கு மேல் விழும். இவ்வளவு நீரும் ஓரிரு குழாய்கள் வழியே கீழே இறங்கியாக வேண்டும். அக்குழாயின் வாயை நான்கு மாவிலைகளும் ஒரு நெகிழிப் பையும் அடைத்துக்கொண்டால் மாடி குளமாகிறது. பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால் தளத்தின் மேல் ஒன்பது டன்னுக்கு மேற்பட்ட சுமை ஏறுகிறது.

ஆகவே முதல் வேலை, மாடியைப் பெருக்கி, நீர் இறங்கும் குழாய்களின் வாயைத் துப்புரவு செய்து, இலை தடுக்கும் வலையைப் பொருத்துவது. பிறகு ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். அது குழாயை நோக்கி ஓட வேண்டும். ஓரிடத்தில் தேங்கினால் அங்கே தளம் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். தட்டோடு பதித்த தளங்களில் ஓடுகளுக்கு இடைப்பட்ட பூச்சு உதிர்ந்திருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு விட்டிருக்கும். மேலறையின் உட்கூரையில் தோன்றும் மஞ்சள் வட்டங்களுக்கு இவையே பெரும்பாலும் காரணம். நீர்புகாப் பூச்சு காய்வதற்கு வெயில் வேண்டும். மழை தொடங்கிய பின் ஈரத்தின் மேல் பூசினால் அது சில வாரங்களில் உரிந்துவிடும்.

மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பை 2003ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. பல வீடுகளில் அதன் கூழாங்கல்லும் மணலும் அன்றிட்டபடியே சேறு படிந்து கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுத்துக் கழுவி மீண்டும் இட்டால்தான் நீர் நிலத்துக்குள் இறங்கும். இல்லையேல் அது வாசலில் தேங்கும்.

மாடிப்படியையும் மறவாதீர்கள். வெளிப்புறப் படிகளில் படரும் பாசியைக் கரடுமுரடான துடைப்பத்தால் தேய்த்து, சலவைத்தூள் இட்டுக் கழுவுங்கள். கைப்பிடி ஆடுகிறதா என்று பாருங்கள். ஊன்றுகோல் பயன்படுத்துவோர், அதன் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் அந்தச் சிறு ரப்பர்தான் இடுப்பெலும்பைக் காக்கிறது.

சுவரின் ஈரமும் நெஞ்சின் இளைப்பும்

அறைக்குள் ஈரம் நிலைத்துவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கிறது. அலமாரியின் பின்புறத்தில், கட்டிலின் தலைமாட்டில், குளியலறையை ஒட்டிய சுவரில் தோன்றும் கரும்புள்ளிகள் அதுவே. அதன் நுண்வித்துகள் காற்றில் கலந்து மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுகின்றன. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் மூச்சுத்தொல்லைகளும் மிகுதியாக வருகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

கரும்புள்ளியின் மேல் வண்ணம் பூசி மறைப்பது பயன் தராது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் காண வேண்டும். மேலே மட்டும் ஈரமானால் கூரை ஒழுகுகிறது. சன்னலைச் சுற்றி ஈரமானால் சன்ஷேடு வெடித்திருக்கிறது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஈரம் ஏறினால் அது நிலத்திலிருந்து உறிஞ்சப்படுகிறது. ஒரே சுவரில் ஆண்டு முழுவதும் ஈரம் இருந்தால் உள்ளே குழாய் கசியக்கூடும். காரணத்தைச் சரிசெய்தபின் சவர்க்கார நீரால் பூஞ்சையைத் தேய்த்துக் கழுவிச் சுவரை நன்கு உலர விடுங்கள். கழுவுபவர் முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். ஆஸ்துமா உள்ளவரும், புற்றுநோய்க்கு மருந்து பெறுபவரும், உறுப்பு மாற்று செய்துகொண்டவரும் அவ்வேளையில் அந்த அறையில் இருக்கவே கூடாது.

அலமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஈரத்துணிகளை நோயாளி படுக்கும் அறைக்குள் கொடி கட்டி உலர்த்த வேண்டாம். மழை விட்ட நேரங்களில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கொசுவர்த்திச் சுருளை ஏற்றி வைப்பது பெருந்தீங்கு. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு இணையாகும் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நுரையீரல் நோயாளி உள்ள வீட்டில் சுருளுக்கு மாற்றாகக் கொசுவலையைக் கட்டுங்கள்.

நீர்த்தொட்டியும் கொசுவும்

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிச் செல்வதில்லை. வீட்டைச் சுற்றியுள்ள தெளிந்த நீரையே நாடுகிறது. பகலில் கடிக்கிறது. முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒருநாள், ஒரே கிழமையில், வீட்டைச் சுற்றி வந்து தேங்கிய நீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சுழற்சி அறுபடும். கொல்லையில் கைவிடப்பட்ட ஆட்டுக்கல், தேங்காய் ஓடு, பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பீப்பாயின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே தேய்த்துக் கழுவ வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கு இறுக்கமான மூடியும், கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய்க்கு நைலான் வலையும் தேவை.

தரைக்கடியில் உள்ள நீர்த்தொட்டி, அதாவது சம்ப், இப்பகுதி வீடுகளின் உயிர்நாடி. அதன் மூடி வாசல் மட்டத்தில் இருந்தால் தெருநீர் எளிதாகப் புகும். வாயை ஒரு முழமாவது உயர்த்திக் கட்டுவது நல்லது. மழைக்குமுன் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து கழுவி, குளோரின் இட்டுத் தூய்மைப்படுத்துங்கள். 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் தரமான பிளீச்சிங் தூள் என்பது பொதுவான அளவு. 4,000 லிட்டர் சம்புக்கு 10 கிராம் ஆகிறது. தூளைச் சிறிது நீரில் குழைத்து, வாளி நீரில் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்துங்கள். குடிப்பதற்கான நீரைக் கொதிக்க வைத்தே பருகுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. பிளீச்சிங் தூளைக் கழிவறை அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். கழிவுநீர்த் தொட்டிக்குள் எவரையும் இறக்காதீர்கள். அங்கு தேங்கும் நச்சுவாயு சில நிமிடங்களில் உயிரைக் குடிக்கும். மனிதரை அப்பணியில் ஈடுபடுத்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது. உறிஞ்சு ஊர்தியை வரவழையுங்கள். அதையும் மழைக்கு முன்பே செய்யுங்கள்.

மின்சாரம்

மழைக்கால மின்விபத்துகள் நொடியில் நிகழ்ந்துவிடுகின்றன. வீட்டின் மின்பெட்டியில் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் கருவி, அதாவது ஆர்.சி.சி.பி., உள்ளதா என்று பாருங்கள். உயிர்காக்கும் பொருட்டு வீடுகளில் பொருத்தப்படுவது 30 மில்லி ஆம்பியர் வகை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் இணைப்பு உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படவில்லையெனில் மின்பணியாளரை அழையுங்கள். நில இணைப்பையும் அவரைக் கொண்டே சோதித்துக்கொள்ளுங்கள்.

துணி உலர்த்தும் கம்பியை மின்கம்பத்திலோ, மின்வடம் செல்லும் இரும்புக் குழாயிலோ கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிட்டு நைலான் கயிற்றைக் கட்டுங்கள். தரையில் வைத்த இன்வெர்ட்டரையும், தாழ்வாக உள்ள மோட்டார் பொத்தானையும் உயர்த்தி வையுங்கள். வீட்டுக்குள் நீர் புகும் நிலை வந்தால், கால் நனையுமுன்பே முதன்மை இணைப்பைத் துண்டியுங்கள். நீரில் நின்றுகொண்டு தொடாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் விலகி நின்று, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987க்குத் தெரிவியுங்கள். மின்னாக்கி எந்திரத்தை வீட்டுக்குள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ இயக்காதீர்கள். அதன் புகையில் மணமற்ற நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு உண்டு.

நோயாளி உள்ள வீட்டில் ஒரு பை

மேற்சொன்னவை எல்லா வீடுகளுக்கும் பொருந்துவன. நோயாளி உள்ள வீட்டுக்கு மேலும் ஒன்று வேண்டும். கதவருகே, உயரமான இடத்தில், நீர் புகாத ஒரு பை. அதில் சுருக்க அறிக்கையின் நகல், மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை, இரண்டு வாரத்துக்கான மருந்துகள், கைவிளக்கு, மின்னேற்றி ஆகியவை இருக்கட்டும். மருந்துப் பெட்டி தீர்ந்தபின் வாங்கலாம் என்ற வழக்கத்தை இந்த மூன்று மாதங்களுக்குக் கைவிடுங்கள்.

இன்சுலின் செலுத்திக்கொள்வோர் மின்தடையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பயன்பாட்டில் உள்ள குப்பியை 30 பாகை செல்சியசுக்கு மிகாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம். ஈர மணலிட்ட மண்பானைக்குள் சிறு பானை வைத்து, அதனுள் நீர் புகாத உறையில் குப்பியை வைப்பது எளிய வழி. வெள்ளநீரில் மூழ்கிய குப்பியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். ஆக்சிஜன் செறிவூட்டியைச் சார்ந்திருப்போர் மாற்று உருளையை முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். சிறுநீரகச் சுத்திகரிப்பு பெறுவோரும், பேறுகாலம் நெருங்கிய தாய்மாரும், கனமழை எச்சரிக்கை வந்தவுடன் எங்களைத் தொடர்புகொண்டு நாளை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். வாசலில் இடுப்பளவு நீர் நின்றபின் எந்த ஊர்தியும் எளிதில் வர இயலாது. அவசர ஊர்திக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்களைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். முதியோருக்குக் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது.

நீர் வடிந்த பின்

தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலிலுள்ள சிறு வெடிப்பு வழியே எலிக்காய்ச்சல் கிருமி உடலுள் புகும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை தோன்றினால் தாமதிக்காமல் வாருங்கள். வந்தவுடன், வெள்ளநீரில் நடந்தேன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரி நோயைக் கண்டறியும் காலத்தைப் பெரிதும் குறைக்கும். நீரிழிவு உள்ளவரும், ஆறாத புண் உள்ளவரும் அந்நீரில் இறங்கவே வேண்டாம். தவிர்க்க இயலாதபோது முழங்கால் வரையிலான ரப்பர் காலணி அணிந்து, திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு வலிநிவாரணிகளைத் தாமாக உட்கொள்ள வேண்டாம். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் குருதிக்கசிவைக் கூட்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளே கவனமாக இருக்க வேண்டிய நாள். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் குருதி, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். வீட்டுக்குள் பாம்பு புகுந்து கடித்துவிட்டால் கடிவாயைக் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். கடித்த உறுப்பை அசைக்காமல் உடனே அழைத்து வாருங்கள்.

யார் செய்வது?

இவ்வளவும் படித்த நோயாளி ஒருவர் ஏணியை எடுத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்பிவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை. இதய நோய்க்காகக் குருதி உறையாமைக்கான மருந்து உண்பவர், தலைசுற்றல் உள்ளவர், அண்மையில் அறுவை செய்துகொண்டவர் ஆகியோர் ஏணியில் ஏறக் கூடாது. பிள்ளைகள் வெளியூரில் இருந்தால், ஆயுதபூசை விடுமுறைக்கு வரும்போது இப்பட்டியலை அவர்களிடம் கொடுங்கள். வாடகை வீடாயின் ஒழுகும் இடங்களைப் படமெடுத்து வீட்டு உரிமையாளருக்கு இப்போதே அனுப்புங்கள். நோயாளி உள்ள வீடு என்பதையும் சொல்லுங்கள். தனியே வாழும் முதியவர் தம் வீட்டுச் சாவியொன்றை நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரிடம் கொடுத்து வைப்பது நலம். 2015ஆம் ஆண்டின் அந்த இரவில் பல முதியோரை முதலில் எட்டியவர்கள் அண்டை வீட்டாரே.

அடுத்த முறை எங்களைக் காண வரும்போது மருந்துச் சீட்டோடு வீட்டைப் பற்றியும் இரண்டு சொல் சொல்லுங்கள். படுக்கையறைச் சுவர் ஈரமாக உள்ளதா, தரைத்தளமா மாடியா, மழையில் தெருவில் எத்தனை அடி நீர் நிற்கும் என்பவற்றை எங்கள் மருத்துவரும் செவிலியரும் கேட்டு உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.